மழை லீவு ஒரு வாரம்: எண்சாண் உடம்பை அளந்து தொடங்குங்கள்

கேள்வி: டீச்சர், நாங்கள் கடலூரில் இருக்கிறோம். மகன் ஐந்தாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. ஐப்பசி, கார்த்திகை வந்தாலே பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாளைவிட மூடியிருக்கும் நாள்தான் அதிகம். லீவா இல்லையா என்பதே காலையில் டிவியைப் பார்த்தால்தான் தெரிகிறது. வீட்டில் இருப்பது ஒரே செல்போன், அதையும் என் வீட்டுக்காரர் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தர நேரமில்லை. மாமியார் கூட இருக்கிறார், ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். ஒரு வாரம் இவர்களை என்ன செய்ய வைப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரியை முதலில் திருத்திவிடுகிறேன். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் இந்த வாரத்துக்கு அவர்தான் டீச்சர். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

டைம் டேபிள் போடாதீர்கள். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு என்று சுவரில் ஒட்டினால் இரண்டாம் நாளே கிழிந்துவிடும். முப்பது வருஷம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்த என் வீட்டிலேயே அது நின்றதில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம் போதும். வீட்டில் எப்படியும் நடக்கிற வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் காரியத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு நோட்டில், தேதி போட்டு, ஒரு பக்கம் எழுத வேண்டும். சின்னவளுக்கு இரண்டு வரியும் ஒரு படமும் போதும். பெரியவன் பக்கத்தை நிரப்பட்டும். இரண்டு பேருக்கும் தனித்தனி வேலை தேடி அலையாதீர்கள். வேலை ஒன்றுதான், கேட்கிற கேள்விதான் வேறு.

முதல் நாள் உங்கள் தையல் டேப்பை எடுத்துக் கொடுங்கள். "எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பார்கள். அது உண்மையா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். தரையில் மகளைப் படுக்க வைத்து, தலை உச்சியிலும் குதிகாலிலும் சாக்பீஸால் கோடு போட வேண்டும். அவள் எழுந்து, தன் கையாலேயே சாண் போட்டு அந்த நீளத்தை அளக்கட்டும். ஏழரை வரும், எட்டு வரும், எட்டேகால் கூட வரும். அண்ணனும் அப்படியே. பிறகு பாட்டி. ஆளுக்கு ஆள் உயரம் வேறு, ஆனால் அவரவர் கையால் அளந்தால் எல்லோரும் எட்டை ஒட்டியே வருகிறார்கள். இதைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்! பத்து ஒர்க்‌ஷீட்டில் அது கிடைக்காது.

இதற்குள்ளேயே பெரியவனுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அதே உயரத்தை டேப்பால் செ.மீ.யில் அளந்து, எட்டால் வகுத்துப் பார்க்கட்டும். விடை அவன் சாண் நீளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது? அடுத்தது 'சிரசு'. உச்சியிலிருந்து மோவாய் வரை அளந்தால், உடம்பில் தலை எத்தனையில் ஒரு பங்கு? பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடம்பு நீளத்தில் கால் பங்கு இருக்கும். வளர்ந்தவர்களுக்கு ஏழெட்டில் ஒரு பங்குதான். உங்கள் பிள்ளைகள் நடுவில் எங்கோ நிற்பார்கள். தெருவில் யார் வீட்டிலாவது கைக்குழந்தை இருந்தால் மழை விட்ட பிறகு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். குழந்தையை அளக்க வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

மறுநாளுக்கும் இதையே நீட்டலாம். இரண்டு சாண் ஒரு முழம். பாட்டி முழத்தில் அளந்த கயிறும் மகள் முழத்தில் அளந்த கயிறும் ஒன்றாக இருக்காது. "அப்படியென்றால் பூக்காரம்மாவிடம் யார் கையால் அளந்து வாங்கினால் லாபம்?" என்று கேளுங்கள். மீட்டர் எதற்கு வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இனி மாமியார் விஷயம். வீட்டில் பழைய படி, உழக்கு, ஆழாக்கு கிடக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு பெரிய டம்ளரையும், அதில் பாதி, கால் பிடிக்கிற சின்னக் கிண்ணங்களையும் வைத்துச் சமாளிக்கலாம். ஒரு தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி, பாட்டியை எதிரில் உட்கார வையுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். அவர் சொல்லச் சொல்ல மகள் அளந்து கொட்டட்டும். ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு? எட்டு. அப்படியானால் ஓர் ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒன்று. அதற்குத் தமிழில் பெயரே உண்டு: அரைக்கால். காலில் பாதி. எட்டில் மூன்றைக் 'காலே அரைக்கால்' என்பார்கள். ஐந்தாம் வகுப்பில் பின்னக் கூட்டல் வரும்போது, ¼ + ⅛ ஏன் ⅜ என்று புரியாமல் விழிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 'எல்லாவற்றையும் எட்டில் சொல்' என்பது கரும்பலகையில் மந்திரம் மாதிரி இருக்கும். தாம்பாளத்தில் அது வெறும் ஆழாக்குக் கணக்கு. கால் படி என்பது இரண்டு ஆழாக்கு, அதோடு ஒன்று சேர்த்தால் மூன்று.

பெரியவனுக்குக் கடைசியில் ஒன்று. ஏறக்குறைய முழுவதும் என்று சொல்ல 'முக்காலே மூணு வீசம்' என்கிறோமே, அது எவ்வளவு? வீசம் என்பது பதினாறில் ஒன்று. முக்கால் என்றால் பதினாறில் பன்னிரண்டு. அதோடு மூன்று சேர்த்தால் பதினைந்து. முழுசுக்கு ஒரே ஒரு வீசம் குறை! எவ்வளவு துல்லியமாகப் பேசியிருக்கிறார்கள் பாருங்கள். பாட்டியிடம் இப்படிப் பேச்சில் வருகிற கணக்கெல்லாம் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டு, பேரன் நோட்டில் எழுதி வைக்கட்டும். அவர் சொல்ல, இவன் எழுத, ஒரு மதியம் ஓடிவிடும். எழுதத் தெரியாதவர் சொல்கிறார் என்பதாலேயே இவன் பொறுப்பாக எழுதுவான், அதையும் பார்த்திருக்கிறேன்.

மழைக்கு ஒரு நாள் ஒதுக்காதீர்கள். அது வாரம் முழுவதும் நடக்க வேண்டிய வேலை. இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் மேல்பகுதியை நீங்களே வெட்டிக் கொடுங்கள். வெட்டிய வாய்ப்பகுதியைப் புனல் மாதிரி தலைகீழாக அதற்குள்ளேயே செருக வேண்டும். பாட்டிலின் அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, பக்கவாட்டு நேராக வருகிற இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு. அதுதான் சைபர். கோட்டுக்கு மேலே ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே வைத்தால் காற்றில் சாயாது. வானிலை ஆய்வு மையம் காலை 8.30-க்கு அளக்கிறது, நீங்களும் அதே நேரத்தில் அளந்து எழுதிவிட்டு, கோடு வரை மட்டும் தண்ணீர் விட்டு வைத்துவிடுங்கள். மறுநாள் பேப்பரில் ஊர்வாரியாக மழை அளவு வரும். கடலூருக்கு என்ன போட்டிருக்கிறார்கள், நம் பாட்டிலில் என்ன என்று ஒப்பிடட்டும். வித்தியாசம் இருந்தால் தப்பில்லை, இரண்டு தெரு தள்ளியே மழை மாறும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. சுவரில் 95 செ.மீ. உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டுங்கள். மூன்று வயதுக் குழந்தையின் உயரம் அது. பெரியவனுக்குக் கணக்கு: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் ஒரு லிட்டர். பத்தடிக்குப் பத்தடி மாடியில் 1 செ.மீ. பெய்தால் ஏறக்குறைய 93 லிட்டர் சேரும். நம் குடத்தில் எத்தனை குடம்? பாட்டிலை எடுக்க, வைக்கப் பெரியவர்கள் போவதே நல்லது. தேங்கிய தண்ணீரில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் வருகிறது. கரன்ட் மீட்டரைப் படித்து யூனிட் கழிக்கச் சொல்வதும் நல்ல கணக்குத்தான், ஆனால் மீட்டர் பெட்டி நனைகிற இடத்தில் இருந்தால் இந்த மாதம் வேண்டாம்.

மகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். இரண்டாம் வகுப்பில் இது பயப்படுகிற விஷயமில்லை. அரசு 2022-ல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டமே, எட்டு வயதுக்குள் புரிந்து வாசிக்க வேண்டும் என்றுதான் இலக்கு வைத்திருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று அவள் வகுப்பிலேயே நிலை பிரித்திருப்பார்கள். பள்ளி திறந்ததும், அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதற்கு அல்ல, நீங்கள் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ள.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாடப் புத்தகத்தில் ஐந்தாறு வரியுள்ள ஒரே பத்தியை மூன்று நாள் படிக்க வேண்டும். அண்ணன் வார்த்தைக்குக் கீழே விரல் வைத்து ஒரு வரி படிக்க, அவள் அதே வரியைத் திருப்பிப் படிக்கட்டும். மூன்றாம் நாள் அவள் மட்டும். நடுவில் தடுக்கினால் ஐந்து வரை மனதில் எண்ணிவிட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், உடனே பிடுங்கிச் சொன்னால் அவள் முயற்சியே செய்ய மாட்டாள். பத்து நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம். சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுகிற வேலையையும் அவளுக்கே கொடுங்கள். கடுகு, சீரகம், மல்லி, துவரம்பருப்பு. 'சக்கர' என்று எழுதி ஒட்டினால் சிவப்பு மையில் அடிக்காதீர்கள். கடையில் வாங்கிய சர்க்கரை பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்து, "இதில் ஒரு எழுத்து கூட இருக்கு போலிருக்கே" என்று மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் மெஷினில் உட்கார்ந்தபடியே ஆட ஒரு விளையாட்டு இருக்கிறது: சொல் சங்கிலி. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். 'மரம்' என்றதும் சிக்கல் வரும், ஏனென்றால் 'ம்' என்று எந்தச் சொல்லும் தொடங்காது. அதனால் ம, மா, மி என்று அந்த வரிசையில் எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவன் தங்கையை மாட்டிவிட 'ள்', 'ழ்', 'ண்' என்று முடிகிற சொற்களாகத் தேடிச் சொல்வான். அவள் "ழ-வில் சொல்லே கிடையாது" என்று அழுவாள். அழுதாலும் அவள் சொல்வது சரி! தமிழ்ச் சொல் எதுவும் அந்த எழுத்துகளில் தொடங்காது. இலக்கணத்தில் மொழிமுதல் எழுத்துகள் என்று பின்னால் படிக்கப்போவதை அவளாகவே பிடித்துவிட்டாள், அதனால் அந்த ஆட்டத்தில் பாயின்ட் அவளுக்கே.

இன்னும் இரண்டு நாள் பாக்கி. ஒரு நாள் கூடத்தில் சாக்பீஸால் கோலம். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 25. பெரியவன் அதை 16, 9 என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கட்டும், நாலு நாலு பதினாறும் மூமூன்று ஒன்பதும் உள்ளே ஒளிந்திருக்கின்றன. மாலையில் பல்லாங்குழி. பலகை இல்லாவிட்டால் பதினான்கு கிண்ணம், குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை. இன்னொரு நாள் வெளியூரில் இருக்கிற மாமாவுக்கோ அத்தைக்கோ அஞ்சலட்டை. பாட்டிலில் எத்தனை செ.மீ. மழை விழுந்தது என்று எழுதினாலே கடிதம் நிறைந்துவிடும். முகவரியில் பின்கோடு ஆறு இலக்கமும் அவர்களே எழுதட்டும். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி பக்கம். 1 என்றிருந்தால் டெல்லிப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை எதுவும் வேண்டாம், பாட்டிலை அளப்பதைத் தவிர. டிவியும் பார்க்கட்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிள்ளைகளுக்குப் பழைய டேப்பையே கொடுங்கள். மூன்று நாள் இழுத்து விளையாடினால் நைந்து அரை அங்குலம் நீண்டிருக்கும், அதைக் கவனிக்காமல் நீங்கள் பிளவுஸுக்கு அளவெடுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்கள்.