பத்து வயது மகனின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: ஓய்வுநாள் பள்ளிக்காகப் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்யும் எங்கள் பத்து வயது மகன், குடும்ப ஜெபம் முடிந்ததும், "விபசாரம்னா என்னம்மா?" என்று கேட்டான். என் கணவர், "பெரியவனானால் தெரியும், போய்ப் படு" என்று அதட்டிவிட்டார். இந்த வயதில் இவற்றைப் பேசினால் பிள்ளை கெட்டுப்போக மாட்டானா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: கெட்டுப்போக மாட்டான். "கல்யாணமானவர்கள் தங்கள் துணையை விட்டுவிட்டு வேறொருவரோடு கணவன் மனைவிபோல் நடந்துகொள்வது, அது கொடுத்த வாக்கை மீறுவது" என்று சொன்னால் இப்போதைக்குப் போதும். மேலும் கேட்டால் மேலும் சொல்லுங்கள். அதட்டி அனுப்பினால், அடுத்த கேள்வியை அவன் உங்களிடம் கொண்டுவராமல் கைபேசியிடம் கொண்டுபோவான்.

பேச்சைப் பாவத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஆணும் பெண்ணுமாகப் படைத்த தேவன் அதை 'மிகவும் நன்றாயிருந்தது' என்று கண்டதாக ஆதியாகமம் முதல் அதிகாரம் சொல்வதால், உடலைப் பற்றிய பேச்சுக்கும் அதுவே தொடக்கமாக இருக்கட்டும். அவனை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்யவும் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசச் சொல்லும் உபாகமம் 6:7 இதற்கும் பொருந்தும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளை, முகம் பார்க்க வேண்டியிராததால், கூச்சமின்றிக் கேட்பான்.

ஆண்பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் பொதுவாக 9 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பென்று முன்னமே அறியாத சிறுவன், அதை நோயென்றோ பாவமென்றோ அஞ்சி, விடியுமுன் போர்வையை ஒளித்துவைக்கிறான். மகள் வயதுக்கு வந்தால் ஊரைக் கூட்டும் நம்மில் பலர், மகனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. இதை உங்கள் கணவரே சொல்வது நல்லது. அன்று அதட்டியதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டே அவர் தொடங்கலாம்.

பிறர் தொடக்கூடாத இடங்களை உறுப்புகளின் சரியான பெயர்களோடு கற்பியுங்கள். மாற்றாந்தாயின் மகன் அம்னோனால் கெடுக்கப்பட்ட தாமாரிடம் அவளுடைய உடன்பிறந்த சகோதரன் அப்சலோம், 'நீ மவுனமாயிரு, அவன் உன்னுடைய சகோதரன்' என்கிறான் (2 சாமுவேல் 13:20). அவர்களின் தந்தையான தாவீது அரசன் கோபம் கொண்டதோடு சரி. உறவினரையோ சபை ஊழியரையோ பற்றி மகன் ஏதேனும் சொன்னால், குடும்ப மானமும் சபையின் பெயரும் கருதி அந்த மவுனத்தை அவன்மேல் சுமத்தாதீர்கள். 18 வயதுக்குட்பட்ட இருபாலரையும் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.