பாப் ஸ்மியர் அறிக்கையில் ‘இயல்பு மாறிய செல்கள்’: வாசகியர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

என் அறிக்கையில் ‘ஏ.எஸ்.சி.-யூ.எஸ்.’ என்று உள்ளது. புற்றுநோய் தொடங்கிவிட்டதா?

இல்லை. பாப் ஸ்மியர் பரிசோதனைக்காகக் கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களில் சிலவற்றின் உட்கரு சற்றுப் பெரிதாகவும் அடர்நிறமாகவும் தெரிகிறது, ஆனால் அதை இயல்பு என்றோ நோய்க்கு முந்தைய மாற்றம் என்றோ நோய்க்குறியியல் நிபுணரால் தீர்மானிக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். அழற்சியாலும், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து படலம் மெலிவதாலும் செல்கள் இப்படித் தோன்றக்கூடும். அடுத்து எச்.பி.வி. (பாலுறவு வழியே பரவும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வைரஸ்) பரிசோதனை செய்வார்கள், அதில் கிருமி இல்லையென்றால் பெரும்பாலும் குறித்த இடைவெளியில் மறுபரிசோதனையே போதும்.

‘எல்சில்’, ‘ஹெச்சில்’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

எல்சில் (LSIL) இலேசான செல் மாற்றம், ஹெச்சில் (HSIL) தீவிரமான செல் மாற்றம். பெயரில் ஓரெழுத்துதான் வேறு. கவலைப்பட வேண்டிய அளவிலோ வேறுபாடு பெரிது. எல்சில் என்பது பெரும்பாலும் எச்.பி.வி. தொற்று செல்லில் விட்டுச்செல்லும் தடம். உட்கருவைச் சுற்றி வெளிறிய வளையம் விழுந்த செல்களை நுண்ணோக்கியில் காணலாம். உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியை அடக்கியதும், குறிப்பாக இளம் பெண்களிடம், ஓரிரு ஆண்டுகளில் இம்மாற்றம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

ஹெச்சில் அப்படியன்று. அதுவும் புற்றுநோய் அன்று என்றாலும், அதைக் கவனிக்காமல் விடக் கூடாது. இவ்வகையில் சி.ஐ.என்.-3 எனப்படும் முற்றிய மாற்றம் இருந்தும் போதிய சிகிச்சை கிடைக்காத பெண்களை நியூசிலாந்தில் பின்தொடர்ந்தபோது, 30 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்குப் புற்றுநோய் வந்தது. ‘அறிகுறி எதுவும் இல்லையே’ என்று தள்ளிப்போடுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். இந்த நிலையில் பெரும்பாலும் அறிகுறி எதுவும் இருக்காது.

கால்போஸ்கோபிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வார்கள்?

உருப்பெருக்கியை வெளியே நிறுத்தி, கருப்பை வாயில் 3 முதல் 5 விழுக்காடு நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் காத்திருப்பார்கள். சுமார் ஒரு நிமிடத்தில், மாற்றமடைந்த பகுதி வெண்மையாக மாறும். வெண்மை எவ்வளவு அடர்த்தி, விளிம்பு எவ்வளவு கூர்மை என்பதைப் பார்த்து, ஐயமுள்ள இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் திசுவைக் கிள்ளியெடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். இலேசான எரிச்சலும், கிள்ளும்போது மாதவிடாய் வலி போன்ற ஒரு சுருக்கும் இருக்கும். நோயை உறுதிசெய்வது இந்தத் திசு முடிவுதான். ஸ்மியர் வெறும் சல்லடை.

எச்.பி.வி. இருப்பதாக வந்ததும் கணவர் மீது சந்தேகம் வருகிறது.

இந்தக் கிருமி ஆண்டுக்கணக்கில் அடையாளம் காட்டாமல் இருந்து, பின்னர் பரிசோதனையில் தென்படக்கூடும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்த அறிக்கையாலும் சொல்ல முடியாது. எனவே, அதை யாருக்கும் எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது தடுப்பூசி போட்டால் இந்த மாற்றம் சரியாகுமா?

சரியாகாது. தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே உள்ள தொற்றையோ செல் மாற்றத்தையோ நீக்காது. போட்டுக்கொண்டவர்களும் பரிசோதனையைத் தொடர வேண்டும்.