ஆல்பாவிலிருந்து பரோலோவுக்கு: மூட்டையைக் குறையுங்கள்

அக்டோபரில் வடக்கு இத்தாலியின் ஆல்பா, லா மோர்ரா, பரோலோ, மோன்ஃபோர்த்தே ஆகிய நான்கு ஊர்களையும் ஒரே நாளில் மூட்டையோடு சைக்கிளில் சுற்ற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முழங்கால் வலி வேறு இருக்கிறது என்கிறீர்கள். வேண்டாம், இரண்டு நாளாக்குங்கள்.

ஆல்பா சுமார் 170 மீட்டர் உயரம், லா மோர்ரா 513. அந்த ஏற்றத்துக்கு உங்கள் 28 பல் பின்கியர் போதாது. 34 பல் போடுங்கள், மிதிக்க எளிதாகும். பின் டீரெய்லர் (சங்கிலியைக் கியர் மாற்றும் கருவி) அதைத் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆல்பாவிலேயே தங்கி, மூட்டையை அறையில் விட்டுவிட்டுக் கிளம்பினால் முழங்கால் பிழைக்கும்.

லா மோர்ராவைக் காலையிலேயே ஏறிவிடுங்கள். அப்புறம் பரோலோவுக்கு இறக்கம்தான். ஆனால் அது நெபியோலோ என்ற ஒயின் திராட்சையின் அறுவடைக் காலம். டிராக்டர் சக்கரத்திலிருந்து உதிரும் களிமண் பனி ஈரத்தில் வழுக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடியுங்கள். மூடுபனி இருக்கும், முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளான்) சந்தையும் அப்போதுதான், அறையை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.