டி.ஓ. மீட்டர் மூடியில் பிளாட்டினம்: இறாலுக்கு ஆபத்தா?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் வனாமி இறால் வளர்க்கிறேன். பழைய சவ்வு மீட்டருக்குப் பதிலாக, ஒளியால் அளக்கும் டி.ஓ. (நீரில் கரைந்த ஆக்சிஜன்) மீட்டர் வாங்கினேன். முனை மூடிக்குள் இளஞ்சிவப்புப் பூச்சு இருக்கிறது. பிளாட்டினம் சேர்ந்த போர்பைரின் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. கன உலோகம் இறாலுக்குக் கெடுதல் என்கிறார்களே, குளத்தில் இறக்கலாமா? பழையதைவிட இது கூடுதலாகவும் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: தாராளமாக இறக்கலாம். போர்பைரின் என்பது வளைய வடிவ மூலக்கூறு. அதன் நடுவில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் பிளாட்டினத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அமிலம் பட்டால்கூட லேசில் விடாத பிடி அது. அந்தச் சாயமும் நீரில் கரையாது, பிளாஸ்டிக் படலத்துக்குள் மிகச் சிறிய அளவில்தான் இருக்கிறது. நீங்கள் பயப்பட வேண்டியது நீரில் கரைந்து திரியும் செம்பு, காட்மியம், பாதரசம் போன்றவற்றுக்கு.

சரி, விலை உயர்ந்த பிளாட்டினத்தை ஏன் வைத்தார்கள்? உலோகம் இல்லாத போர்பைரின் மீது ஒளி பட்டால், ஓர் எலக்ட்ரான் மேல் நிலைக்கு ஏறும்; அதனால் வரும் ஒளி நொடியில் சுமார் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் அணைந்துவிடும். அதற்குள் ஆக்சிஜன் வந்து மோத வாய்ப்பு மிகக் குறைவு. கிளர்ந்த மூலக்கூறுக்கு டிரிப்லெட் என்று இன்னொரு நிலையும் உண்டு. அங்கே போக எலக்ட்ரான் தன் ஸ்பின்னை (தன்னைத்தானே சுற்றுவது போன்ற அதன் இயல்பை) திருப்ப வேண்டும். இலேசான அணுக்கள் மட்டும் உள்ள மூலக்கூறில் அது மெதுவாகத்தான் நடக்கும். பிளாட்டினத்தின் அணு எண் 78. அவ்வளவு மின்னூட்டம் கொண்ட கருவின் அருகே எலக்ட்ரானின் ஓட்டமும் ஸ்பின்னும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால், அந்தத் தடை தளர்கிறது. கிளர்ந்த மூலக்கூறுகள் ஏறக்குறைய எல்லாமே டிரிப்லெட்டுக்குப் போய்விடும். திரும்பி இறங்கும் வழியும் அதே காரணத்தால் ஓரளவு திறக்கும். அப்போது சாயத்திலிருந்து வருவதுதான் மீட்டர் பார்க்கும் சிவப்பு ஒளி. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நிற்கும். முன்னதைப் போல் பத்தாயிரம் மடங்கு!

ஆக்சிஜன் தன் இயல்பு நிலையிலேயே டிரிப்லெட். அதனால் மோதியதும் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது, ஒளி சீக்கிரம் அணைகிறது. ஒளி எவ்வளவு சீக்கிரம் அணைகிறதோ அவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதே மீட்டரின் கணக்கு. பல்லேடியம் போட்டால் ஒளி இன்னும் பத்து மடங்கு நேரம் நிற்கும். ஆனால் அது மிகக் குறைந்த ஆக்சிஜனைத் தேடத்தான் ஏற்றது. குளத்துக்குப் பிளாட்டினமே பொருத்தம்.

கனமான உலோகமானாலே போதும் என்று நினைக்க வேண்டாம். நம் ரத்தத்தில் இருப்பதும் இரும்பு சேர்ந்த போர்பைரின்தான், அது ஒளிர்வதே இல்லை. இரும்பின் அரைகுறையாக நிரம்பிய எலக்ட்ரான் கூடுகள் அந்த ஆற்றலைச் சட்டென்று வெப்பமாக்கிவிடுகின்றன.

ஆற்றல் வாங்கிய ஆக்சிஜன் சும்மா இருப்பதில்லை. சாயத்தையும் பிளாஸ்டிக்கையும் மெல்ல அரிக்கும். மூடிக்கு ஆயுள் குறித்திருப்பது இதனால்தான், வியாபாரத் தந்திரம் அல்ல. மூடியை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். தின்னர், அசிட்டோன் வேண்டவே வேண்டாம், படலம் கரைந்துவிடும். நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பாசி வழுவழுப்பாகப் படிந்தால் இருட்டில் அதுவே ஆக்சிஜனைக் குடித்து அளவைக் குறைத்துக் காட்டும்.

இனி, கூடுதலாகக் காட்டும் விஷயம். எனக்கு உப்பின் மேல்தான் சந்தேகம். மீட்டருக்குத் தெரிவது ஆக்சிஜனின் அழுத்தம் மட்டுமே. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது உப்பு அளவை வைத்துப் போடும் கணக்கு. 30 டிகிரியில் நல்ல தண்ணீர் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு நீர் 6.2 தான் பிடிக்கும். மீட்டரில் உப்பு அளவு பூஜ்யத்தில் கிடந்தால், அது 4 என்று காட்டும்போது 35 பி.பி.டி. குளத்தில் 3.3 தான் இருக்கும். விடியற்காலையில் இந்த வித்தியாசம் இறாலின் உயிர்! கோடையில் உப்பு ஏறும், ஐப்பசி மழையில் இறங்கும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, மீட்டரில் உப்பு அளவை அவ்வப்போது மாற்றுங்கள்.

பழைய மீட்டரும் தப்பாக இருக்கலாம். சவ்வு மீட்டர் அளக்கும்போதே ஆக்சிஜனைச் செலவழிக்கும், முனையை நீரில் ஆட்டாமல் வைத்தால் குறைவாகவே காட்டும். புதியதில் உப்பைச் சரிசெய்து, நனைந்த பஞ்சு வைத்த கப்பில் 100 சதவீதத்துக்குச் சரிபார்த்துவிட்டு, ஏரேட்டர் ஓடும் இடத்தில் இரண்டையும் சேர்த்து இறக்கிப் பாருங்கள்.