பெட்டிக்குள் இருக்கும் ஷூ

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 43. பெரம்பூரில் குடியிருக்கிறேன். தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் ஓடப் போவதைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன்.

பொங்கல் தள்ளுபடியில், ஓடுவதற்கென்றே ஒரு ஷூ வாங்கினேன். மூன்று மாதமாகப் பெட்டியோடு பீரோ மேல் இருக்கிறது. இரண்டே முறைதான் போட்டுக்கொண்டு இறங்கினேன். முதல் முறை, தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஓடத் தொடங்கியதும் தரைத்தளத்து மாமா பால் பையோடு எதிரே வந்துவிட்டார். "என்னம்மா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தம் வரை போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது முறை பூங்காவுக்குப் போனேன். ஒரு நிமிடம் ஓடியிருப்பேன். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் ஏதோ ஆகிவிடும் என்று பயந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டாவது படிக்கும்போது நூறு மீட்டரில் கடைசியாக வந்தேன். பரிசு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன் என்று என் தங்கை இன்றும் சொல்லிச் சிரிப்பாள். என் மாமியார், பெண்கள் ஓடினால் கருப்பை இறங்கிவிடும் என்கிறார். அலுவலகத்தில் முப்பது பேர் முன்னால் நின்று பேச எனக்குப் பயமில்லை. தெருவில் ஓட மட்டும் ஏன் இந்த நடுக்கம்? நீங்கள் இந்தப் பயத்தை எப்படித் தாண்டினீர்கள்?

வெளியிடுவதானால் பெயர் வேண்டாம். கே என்று மட்டும் போடுங்கள்.

கே,
பெரம்பூர்

அன்புள்ள கே,

பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன் என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மன்னியுங்கள். அந்த வித்தையில் நான் உங்களுக்கு மூத்தவன்.

எனக்கு 46 வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. அப்போது ராயப்பேட்டையில் குடியிருந்தோம். எங்கள் தெருவில் ஓட மனம் ஒப்பவில்லை. மெரினாவுக்குப் போனால் என்னை யாருக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டு, ஒரு விடியற்காலை ஐந்து மணிக்கு உழைப்பாளர் சிலை அருகே போய் நின்றேன். அங்கிருந்து கலங்கரை விளக்கம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். போய்த் திரும்பிவிடலாம் என்று எண்ணம். கண்ணகி சிலையைக்கூட எட்டவில்லை. எதிரே ஆட்கள் வரும்போதெல்லாம் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் நடித்து மூச்சு வாங்கிக்கொண்டேன். அன்று அந்த நாடாவை எட்டு முறையாவது கட்டியிருப்பேன். திரும்பி வந்து சிலைக்குக் கீழே உட்கார்ந்தபோது ஒன்று தோன்றியது. இந்த நான்கு பேரும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பாறையை நெம்புகிறார்கள், அது அசைந்தபாடில்லை, அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லையே என்று. மூன்றாம் நாள் எங்கள் அலுவலக மேலாளரை அங்கே பார்த்தேன். அரைக்கால் சட்டையில், கையில் வாழைத்தண்டு சூப்போடு நின்றிருந்தார். சென்னையில் நம்மைத் தெரியாத இடம் என்று ஒன்று கிடையாது.

கடிதம் முழுக்கப் பயம் என்றே எழுதியிருக்கிறீர்கள். துரத்துகிற நாயிடம் வருவது பயம். தரைத்தளத்து மாமாவிடம் வந்தது கூச்சம். இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசுகிறது. ஐஸ் பட்டால் பல் கூசுகிறது. நாலு பேர் பார்த்தால் உடம்பு கூசுகிறது. நம் மொழி இவை மூன்றையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறது. கண் கூசும்போது யாரும் தைரியத்தைத் திரட்டுவதில்லை. நெற்றிமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறோம், கண் பழகிக்கொள்கிறது. அதனால் 'துணிந்து இறங்குங்கள்' என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. எனக்கும் பலர் அதைச் சொன்னார்கள். ஒரு பயனும் இல்லை.

முப்பது பேர் முன்னால் பேசுகிறவருக்குத் தெருவில் ஏன் நடுக்கம் என்றால், அலுவலகத்தில் உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுகிறீர்கள். தெருவில் நீங்கள் கற்றுக்குட்டி. நாற்பதைத் தாண்டியவர்கள் புதிதாக ஒன்றைப் பிறர் முன்னால் தப்பும் தவறுமாகச் செய்து பல வருடம் ஆகியிருக்கும், கை விட்டுப்போயிருக்கும். கார் பழகுகிறவருக்காவது எல் போர்டு உண்டு. அதைப் பார்த்தால் பின்னால் வருகிற பஸ்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஓடப் பழகுகிறவருக்கு அந்தச் சிவப்பு எழுத்தை எங்கே ஒட்டுவது?

'யாரும் உங்களைக் கவனிப்பதில்லை' என்று ஓர் ஆறுதல் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரம். பாடகர் ஒருவரின் முகம் அச்சிட்ட, போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படியான பனியனை ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று வெளியே வந்ததும் கேட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்.

நல்ல ஆய்வுதான். ஆனால் அந்தக் கால்வாசிப் பேர் பெரம்பூரில் சும்மா இருக்கமாட்டார்கள், நிறுத்திக் கேட்பார்கள். எனவே யாரும் பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பார்க்கிறார்கள். முதல் நாள் வேடிக்கை, மூன்றாம் நாள் விசாரிப்பு, பத்தாம் நாள் நீங்கள் அந்தத் தெருவின் காலைக் காட்சிகளில் ஒன்று, பேப்பர் போடுகிற பையன் மாதிரி. மூன்றாவது வாரம் நான் இரண்டு நாள் போகவில்லை. சூப் விற்கிற அம்மா, "ஏன் ஐயா வரவில்லை, உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டார். மாமா மறுபடி கேட்டால், "ஓடப் போகிறேன் மாமா" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த கேள்வி "எத்தனை கிலோமீட்டர்?" என்று வரும். "இப்போதுதான் ஆரம்பம்" என்பது போதும். ஒரே ஒரு முறைதான் சொல்ல வேண்டியிருக்கும். மிச்சப் பேருக்கு அவரே சொல்லிவிடுவார்.

இனி அந்த நெஞ்சடிப்பு. கூச்சப்பட்டாலும் நெஞ்சு அடிக்கும், ஓடினாலும் நெஞ்சு அடிக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் உடம்பு கலவரப்படும். இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஓடத் தொடங்கியவுடன் தசைகள் கேட்கிற ஆக்சிஜனை நுரையீரலும் இதயமும் உடனே கொடுத்துவிடுவதில்லை, ஈடுகட்ட இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். பல ஆண்டுகளாக ஓடுகிறவர்களுக்கும் முதல் சில நிமிடம் கனமாகத்தான் இருக்கும். புதியவர்களோ யாராவது பார்ப்பதற்குள் முடித்துவிடலாம் என்று வேகமாக ஓடுகிறோம். ஒரு நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது. நமக்கு இது ஆகாது என்று பெஞ்சைத் தேடுகிறோம். சென்னையின் காற்று வேறு நம் பக்கம் இல்லை. ஈரப்பதத்தில் வியர்வை காயாது, உடம்பின் சூடு இறங்காது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும்.

ஆகவே மெதுவாக ஓடுங்கள். நீங்கள் நினைக்கிற மெதுவைவிட மெதுவாக, பக்கத்தில் வேகமாக நடக்கிற மாமி உங்களை முந்திப் போகிற அளவுக்கு. அளவுகோல் ஒன்று சொல்கிறேன். ஓடிக்கொண்டே, வீட்டுக்குப் போன் பேசுகிற குரலில், "ஆவின் பச்சைப் பாக்கெட் இரண்டு, தயிர் ஒன்று, கறிவேப்பிலையை மறந்துவிடாதே" என்று முழுதாகச் சொல்ல முடிய வேண்டும். தயிரில் மூச்சு நின்றால் வேகம் அதிகம். மாமி முந்துவது கௌரவக் குறைச்சலாகத் தோன்றும். எனக்கு இரண்டு மாதம் தோன்றியது.

1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பதைத் தாண்டிய தன் தாயை ஓட வைப்பதற்காக ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை எழுதினார். உலகம் முழுக்கப் புதியவர்கள் இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். முதல் வாரம் இவ்வளவுதான்: 5 நிமிடம் வேகநடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். வாரத்தில் மூன்று நாள். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்தது எங்கே என்று பாருங்கள், முதல் 60 விநாடி ஓட்டம் முடிகிற இடத்தில். நன்றாக இருக்கிறதே என்று தினமும் ஓடிவிடாதீர்கள். மூச்சு சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேற மாதக்கணக்காகும். இடையில் ஒரு நாள் ஓய்வு அதற்காகத்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி என்று ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவர்.

உங்கள் மாமியார் சொன்னதைக் கேலி செய்யமாட்டேன். அவர் தலைமுறைக்கு முன்பே ஒலிம்பிக் நிர்வாகிகள் ஏறக்குறைய அதைத்தான் நம்பினார்கள். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். இவ்வளவு தூரத்தைப் பெண்ணுடம்பு தாங்காது என்று சொல்லி எடுத்துவிட்டு, 1960இல் ரோமில்தான் திரும்பச் சேர்த்தார்கள். பெண்களின் மாரத்தான் ஒலிம்பிக்கில் வர 1984 ஆகிவிட்டது. பெயர் வேண்டாம், கே என்று போடுங்கள் என்றீர்களே, உடனே நினைவுக்கு வந்தவர் கேத்தரின் ஸ்விட்சர். 1967 பாஸ்டன் மாரத்தானுக்கு கே. வி. ஸ்விட்சர் என்று முதலெழுத்துகளோடு பதிந்துகொண்டார். பெண் என்பது ஓட்டத்தின் நடுவே தெரிந்ததும் நிர்வாகி ஒருவர் பாய்ந்து வந்து அவர் நெஞ்சில் குத்தியிருந்த 261ஆம் எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். அவர் ஓடி முடித்தார். ஐம்பது வருடம் கழித்து, 2017இல், எழுபது வயதில் அதே எண்ணோடு அதே பாஸ்டனில் மறுபடி ஓடினார்.

இதை எழுதும்போது எட்டிப் பார்த்த என் மனைவி, நான் விட்டுவிட்டதைச் சேர்க்கச் சொல்கிறார். ஷூவுக்குச் செலவழித்ததில் பாதியாவது ஓட்டத்துக்கான உள்ளாடைக்குச் செலவழிக்க வேண்டுமாம், கடைகளில் ஸ்போர்ட்ஸ் பிரா என்று கேட்டால் கொடுப்பார்களாம். பிரசவத்துக்குப் பிறகு இருமினாலோ குதித்தாலோ சிறுநீர் கசிகிறது என்றால், அல்லது அடிவயிறு கீழே இழுப்பதுபோல் கனக்கிறது என்றால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டுமாம். மாமியாரின் பேச்சில் கேட்க வேண்டியது அந்த அளவுக்கு இருக்கிறது என்கிறார். துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது விட்டுவிட்டுப் போங்கள் என்பதும் அவருடையதே.

நாய் குரைத்தால் நின்றுவிடுங்கள். முதுகைக் காட்டாமல் மெல்ல நடந்து தாண்டுங்கள். ஓடுகிற எதையும் துரத்துவது அதன் சுபாவம்.

எங்கே ஓடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். மெரினாவுக்கு வராதீர்கள். எனக்கு நடந்து போகிற தூரம், உங்களுக்கு அப்படியில்லை. பஸ் கிடைக்கவில்லை, மழை மாதிரி இருக்கிறது என்று தூரமே ஒரு சாக்காகிவிடும். உங்கள் தெருவிலேயே ஓடுங்கள். பூங்காவின் நடைபாதையில் காலை ஆறரைக்கு மேல் கூட்டத்துக்கு நடுவே ஓடினால் நடப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், அதில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். தெருவிளக்கு அணைவதற்கும் ஸ்கூட்டர்கள் கிளம்புவதற்கும் இடையில் அரை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும்.

இன்னும் ஒன்று. புது ஷூவின் முனையில் காகிதத்தைச் சுருட்டித் திணித்திருப்பார்கள். இரண்டு முறை போட்டிருப்பதால் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் எடுக்கவில்லை. முதல் நாள் முழுக்கக் கால்விரலை மடக்கிக்கொண்டே ஓடிவிட்டு, மாலையில் கடைக்குப் போய் அளவு சிறியது என்று சண்டை போட்டேன். கடைக்காரப் பையன் ஒன்றும் பேசாமல் ஷூவுக்குள் கையை விட்டு உருண்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். அன்றும் ஷூ நாடாவைக் கட்டுகிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தேன்.