ஸ்டாக்கை அடிக்கடி எண்ணுவது பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: வருடக் கடைசியில் கிடங்கை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக எண்ணுகிறோம். அது போதாதா?

பதில்: கணக்கை முடிக்க அது உதவும். ஆனால் பத்து மாதத்துக்கு முன் ஒரு பெட்டி ஏன் குறைந்தது என்பது அப்போது யாருக்கு நினைவிருக்கும்? தினமும் கொஞ்சம் எண்ணினால் நேற்று நடந்த தவறு இன்றே பிடிபடும். சரக்கை இறக்கியவரையும் எடுத்துக் கொடுத்தவரையும் நேரிலேயே கேட்டுவிடலாம்.

கேள்வி: எங்களிடம் 2,000 வகைச் சரக்கு இருக்கிறது, ஆள் இரண்டே பேர். தினமும் எத்தனை எண்ணுவது?

பதில்: பயப்பட வேண்டாம். மதிப்பும் ஓட்டமும் அதிகமுள்ள 200 வகையை ஏ என்று வைத்து மாதம் ஒரு முறை எண்ணுங்கள். அடுத்த 600 வகை பி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மீதி 1,200 வகை சி, வருடம் ஒரு முறை. மொத்தம் 6,000 எண்ணிக்கை. 250 வேலை நாளுக்குப் பிரித்தால் தினம் 24தான். காலையில் சரக்கு நகரும் முன்பே முடித்துவிடலாம்.

கேள்வி: எண்ணுபவரிடம் சிஸ்டத்தில் உள்ள அளவைக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. தாளில் 48 என்று இருந்தால், ரேக்கில் 47 இருந்தாலும் 48 என்றே எழுதத் தோன்றும். சரக்கின் பெயரும் இருக்கும் இடமும் போதும்.

கேள்வி: வித்தியாசம் வந்தால் உடனே சிஸ்டத்தில் திருத்திவிடலாம்தானே?

பதில்: இங்கேதான் பலர் தவறுகிறார்கள். காரணம் தெரியாமல் திருத்தினால் அதே சரக்கில் அடுத்த மாதமும் வித்தியாசம் வரும். முதலில் வேறொருவர் மறுபடி எண்ணட்டும். அப்புறம் பக்கத்து ரேக்கைப் பாருங்கள், இடம் மாறி வைத்திருப்பது ரொம்ப சகஜம். பதிவாகாத வரவு இருக்கிறதா, ரிட்டர்ன் வந்தது ஏறியதா என்று பாருங்கள். வித்தியாசம் சரியாக 12, 24 என்று வந்தால் பெட்டிக்கும் பீஸுக்கும் குழப்பம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். காரணத்தை எழுதி வைத்த பிறகுதான் திருத்தம். அதையும் எண்ணியவரே செய்யக் கூடாது.

கேள்வி: மொத்த மதிப்பு 99% பொருந்துகிறது. அப்படியானால் கணக்கு சரிதானே?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஒன்றில் 10 குறைந்து, அதே விலையுள்ள இன்னொன்றில் 10 கூடினால் மதிப்பு அப்படியே பொருந்தும். சரக்கு கேட்டு வருபவருக்குக் கையில் இருக்காது. எண்ணிய 50 இடத்தில் 46 சரி என்றால் துல்லியம் 92%. அதைக் கவனியுங்கள்.

கேள்வி: சி வகையை எண்ணவே நேரமில்லை.

பதில்: ரேக் காலியாகும்போது பாருங்கள். சிஸ்டமும் பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்க்க அரை நிமிடம் போதும்.