ஒரே எடை, ஒன்று மட்டும் ஏன் மங்கல்?

கேள்வி: என் மூக்குத்தி வைரமும் தங்கையின் மோதிர வைரமும் தலா அரை காரட், ஒரே நிறம், ஒரே தெளிவு. அவள் கல் பளிச்சென்று இருக்கிறது. என்னுடையது நடுவில் இருண்டு கிடக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் கல்லின் பின்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள் அம்மா. மூக்குத்தியில் எண்ணெய்ப் பிசுக்கு சேராத நாளே கிடையாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பிரஷ் போதும்.

அப்புறமும் நடு இருட்டாகவே இருந்தால், அடிப்பாகம் ஆழமாக வெட்டிய கல். மேலே நுழையும் வெளிச்சம் அடியில் இரண்டு முறை மோதித் திரும்பி உங்கள் கண்ணுக்கு வரவேண்டும். அடிச்சரிவு 41 டிகிரியை ஒட்டி இருந்தால் வரும். 43ஐத் தாண்டினால் பக்கவாட்டில் ஒழுகிவிடும். கல் ஆணித்தலை மாதிரி கறுத்துத் தெரியும். ரொம்பத் தட்டையாக விட்டாலோ, உள்ளே சாம்பல் வளையம் விழுந்து மீன் கண்ணாகிவிடும். பெல்ஜியத்தில் பிறந்த வைரப் பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919லேயே சரியான அடிச்சரிவு 40.75 டிகிரி என்று கணக்குப் போட்டுவிட்டார்.

பட்டறைக்காரர் ஏன் ஆழமாக வெட்டுகிறார்? கச்சாக் கல்லின் எடையைக் காப்பாற்றத்தான். நன்றாக வெட்டிய அரை காரட் வட்டக் கல் சுமார் 5.1 மி.மீ. அகலம் இருக்கும். உங்களுடையதை அளக்கச் சொல்லுங்கள், 4.9தான் வரும் என்பது என் ஊகம். கல் அசல்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அடிவயிற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.